ஊருக்கு வந்த விண்வெளிக் கூடாரம்: கொடுத்த காசுக்குத் தகுமா?

காற்றூதி நிமிர்த்துகிற கூடாரத்துக்குள், கூரை முழுக்க விண்வெளிப் படம் காட்டுகிற குழு ஒன்றை முல்லைத்தீவில் எங்கள் ஊருக்குக் கூப்பிட்டிருந்தோம். விலையை முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதைத்தான். ஒரு பிள்ளைக்கு 300 ரூபா. ஒரு காட்சிக்கு முப்பது பிள்ளைகள்வரை இருக்கலாம். நாளுக்குக் குறைந்தது நான்கு காட்சி என்று உறுதி கொடுத்தால்தான் புறப்படுவார்கள். வான் கூலி தனி, மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. எங்கள் சனசமூக நிலையத்தில் பெற்றோரிடம் நூறு நூறாகச் சேர்த்தோம், மிச்சத்தைக் கனடாவில் இருக்கிற ஊர்ப் பெடியன் ஒருவர் போட்டார். குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், சின்னக் குழு, அவர்களின் பிழைப்பில் மண் விழக்கூடாது. வடக்கில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகிறவர்கள், விசாரித்தால் யாரும் சொல்வார்கள்.

நான் கால்நடைப் பகுதியில் போதனாசிரியராக இருந்து இளைப்பாறியவன். ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, மாங்குளம் றோட்டுப் பக்கமெல்லாம் மாடு வைத்திருக்கிற ஆக்களுக்கு என்னைத் தெரியும். 'மாட்டு டொக்டர்' என்பார்கள். டொக்டர் இல்லை என்று திருத்தித் திருத்திக் களைத்து, பிறகு பேசாமல் விட்டுவிட்டேன். தடுப்பூசி போடுவது, சினைப்படுத்துவது, கன்று புரண்டு கிடந்தால் கையை விட்டுத் திருப்புவது என்று வேலைக்காலம் முழுக்க மிருகங்களோடு போனது. இப்போது நிலையத்தின் வாசிகசாலையைப் பார்த்துக்கொள்கிறேன். கூடாரத்தைக் கூப்பிட்டதும் நான்தான்.

அவர்களிடம் மூன்று படம் இருக்கிறது. சூரியக் குடும்பம் ஒன்று, கருந்துளை ஒன்று, விண்வெளிக்குப் போன விலங்குகள் ஒன்று. செயலாளர் கருந்துளையில்தான் நின்றார், பேர் எடுப்பாக இருக்கிறதாம். ஆண்டு நான்கு படிக்கிற பிள்ளைக்குக் கருந்துளையால் என்ன பிரயோசனம் என்று நான் பிடிவாதமாக விலங்குப் படத்தை எடுத்தேன். எங்கள் பிள்ளைகள் விடிய எழும்பி ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறவர்கள். நாய், குரங்கு, ஆமை என்றால் கேள்வி கேட்க அவர்களுக்கு வாய் வரும்.

கூடாரம் நல்ல சாமான், அதில் குறையே இல்லை. வெளியே வெள்ளி நிறம். இரண்டு பேர் தூக்குகிற ஒரு பொதியாக வானிலிருந்து இறக்கினார்கள். பெரிய காற்றாடி மோட்டர் ஒன்றை வைத்து ஊத, கால் மணித்தியாலத்துக்குள் பொது மண்டபத்தின் தீராந்தியை முட்டுகிற உயரத்துக்கு எழும்பி நின்றது. உள்ளே போகத் துணியாலான ஒரு குழாய். பெரிய ஆக்கள் குனிய வேண்டும், பிள்ளைகள் ஒரே ஓட்டமாகப் போய்விடுகிறார்கள். ஓரத்தில் ஒரு புரொஜெக்ரர், அதற்கு முன்னால் குவிந்த கண்ணாடி. படம் அந்தக் கண்ணாடியில் பட்டுத் தலைக்கு மேல் முழுக் கூரையிலும் விரிகிறது. பாயில் மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் நட்சத்திரம் காட்டுகிறார்கள். நட்சத்திரம் பார்க்க எங்களுக்குக் கூடாரம் தேவையில்லை, இரவில் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் ஏறி நின்றால் போதும். படம் தொடங்கிய பிறகுதான் கூடாரத்தின் அருமை தெரிகிறது. நாய் இருந்த கூண்டின் உட்பக்கம் நாலா புறமும் எங்களைச் சூழ்ந்துகொள்கிறது. பலகைபோன்ற சுவர், பட்டி, மூக்குக்கு நேரே சாப்பாட்டுப் பெட்டி. திரும்பிப் படுக்க இடமில்லை என்பதைத் தொலைக்காட்சிப் பெட்டியில் இப்படிக் காட்ட முடியாது.

படம் இருபத்துநான்கு நிமிடம். தமிழ்க் குரல் இந்தியாவில் பேசியது, தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓட்டம் அதிகம். பின்னணி இசையும் குரலுக்கு மேலே ஏறிவிடுகிறது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன், குறைத்தார்கள், குரலும் சேர்ந்து குறைந்தது.

தொடக்கம் 1947. அந்த வருடம் பெப்ரவரி 20ஆம் திகதி, யுத்தத்தில் ஜேர்மன்காரரிடமிருந்து பிடித்த வி-2 றொக்கெற் ஒன்றில் பழ ஈக்களை அடைத்து, நியூ மெக்சிகோவிலிருந்து 109 கிலோமீற்றர் உயரத்துக்கு அமெரிக்கர்கள் அனுப்பினார்கள். ஈக்கள் பரசூட்டில் உயிரோடு இறங்கின. இந்தப் பகுதி அருமை. ஈயின் கண் கூரை முழுக்க விரிய, சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள். ஈயை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்பதும் சுருக்கமாக வருகிறது. மேலே இருக்கிற கதிர்வீச்சு உயிருள்ள கலத்தை என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும், ஈ சீக்கிரம் பெருகும், அடுத்தடுத்த தலைமுறையில் கோளாறு ஏதும் வந்தால் உடனே தெரியும். இவ்வளவு நன்றாகத் தொடங்குகிறதே என்று நானும் கையைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு வசதியாகப் படுத்தேன்.

அடுத்தது குரங்குகள், அங்கேதான் படத்தின் குணம் வெளியே வருகிறது. ஒரு குரங்கு றொக்கெற்றில் ஏறுகிறது, புகை, வானம், கைதட்டல், அடுத்த காட்சி. அல்பேட் என்று பெயர் வைத்த அந்த ரீசஸ் குரங்குகளின் கதை அவ்வளவு லேசானதில்லை. முதல் அல்பேட் 1948 ஜூனில் 63 கிலோமீற்றர்தான் போனது, மூச்சு முட்டிச் செத்தது. இரண்டாவது அல்பேட் 1949 ஜூன் 14இல் 134 கிலோமீற்றர் போய், விண்வெளியைத் தொட்ட முதல் குரங்கானது. கீழே வரும்போது பரசூட் வேலை செய்யவில்லை. 1951 செப்டெம்பரில் போன இன்னொன்று உயிரோடு தரையிறங்கி, இரண்டு மணித்தியாலத்தில் செத்தது. படம் இவ்வளவையும் மேலே ஏற்றிக் காட்டிவிட்டு, ஒன்றையும் கீழே இறக்கிக் காட்டவில்லை. முழுப் படத்திலும் எனக்கிருக்கிற பெரிய குறை இதுதான். ஏறுவதற்கு இருபது நிமிடம், இறங்குவதற்கு நாலு நிமிடம்.

சரி, நாய்களுக்கு வருவோம். சோவியத் நாய்களைப் பயிற்றுகிற பகுதி படத்தில் ஆகச் சிறந்தது, என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். மொஸ்கோத் தெருக்களில் கட்டாக்காலியாகத் திரிந்த நாய்களைத்தான் பிடித்தார்கள். வீட்டில் வளர்ந்த சாதி நாய் குளிருக்கும் பசிக்கும் ஈடுகொடுக்காது என்பது கணக்கு. எங்கள் ஊர் நாயையும் கடையில் காசு கொடுத்து வாங்கிய நாயையும் ஒரே காய்ச்சலுக்குப் பார்த்தவனுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. ஆறேழு கிலோவுக்கு மேல் போகக்கூடாது, கமராவில் தெரிய வெளிர் நிறமாக இருக்க வேண்டும், பெட்டையாக இருக்க வேண்டும். கடுவன் காலைத் தூக்கித்தான் சிறுநீர் கழிக்கும், அந்தக் கூண்டில் காலைத் தூக்க இடமேது? இதைத் திரையில் ஒரு கடுவன் நாய் கம்பத்தைத் தேடுகிற மாதிரிக் காட்டினார்கள், கூடாரம் குலுங்கச் சிரிப்பு.

பிறகு கூண்டைப் படிப்படியாகச் சின்னதாக்குகிற பயிற்சி. கடைசியில் இருபது நாள்வரை கூட ஒடுங்கிக் கிடக்கப் பழக்கினார்கள். இதில் ஒரு சங்கடம் இருந்தது. அடைத்து வைத்த நாய் சிறுநீரையும் மலத்தையும் அடக்கிக்கொள்ளும். மருந்து கொடுத்தும் சரிவரவில்லை, நாட்கணக்கில் பழக்கித்தான் சரிக்கட்டினார்கள். லொறியில் ஏற்றிய மாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. இந்த விபரத்தையெல்லாம் ஒளிக்காமல் காட்டியதற்காகவே படத்தை மன்னிக்கலாம் என்றிருந்தது. 1951 ஜூலை 22இல் டெசிக், சிகான் என்ற இரண்டு நாய்கள் கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றர் போய் உயிரோடு திரும்பியதும் வருகிறது. ஒரு கிழமையில் டெசிக்கைத் திரும்பவும் வேறொரு நாயோடு அனுப்பி, பரசூட் விரியாமல் இரண்டும் செத்தது வரவில்லை. அதோடு சிகானை இனி ஏற்ற வேண்டாம் என்று நிறுத்தி, அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்த விஞ்ஞானி பிளகன்ராவொவ் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். நல்ல கதை, படத்தில் ஒரு வசனம் போட்டிருக்கலாம்.

அடுத்து, 1957இல் பூமியைச் சுற்ற அனுப்பிய சோவியத் நாய் லைக்காவின் காட்சி வந்தது. லைக்கா கண்ணாடித் தொப்பி போட்டுக்கொண்டு பூமியைச் சுற்றுகிறது, கண்ணடிக்கிறது, மெல்ல மெல்ல ஒளியாகி ஒரு நட்சத்திரமாகிறது. பின்னணியில் பெண் குரலில் ஆராரோ. இதைச் செய்தவர் எந்த நாயையாவது அருகில் பார்த்தவரா என்று சந்தேகம் வந்தது. தொப்பி வேறு!

அந்த நட்சத்திரம் மின்னிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது.

காற்றாடி நின்றால் கூடாரம் நிற்காது. திடீரென்று விழாது, மேலிருந்து மெல்லத் தொய்ந்து வரும், ஆனால் இருட்டுக்குள் முப்பது பிள்ளைகள் இருக்கும்போது அதுவே போதும். இந்த இடத்தில் குழுவுக்கு முழுப் புள்ளி கொடுக்கிறேன். விளக்கம் சொல்ல வந்த தங்கச்சி, கம்பஸ் முடித்த பிள்ளையாம், கைவிளக்கைப் போட்டு, "எல்லாரும் முன்னால இருக்கிறவற்ற சட்டையப் பிடியுங்கோ, பாட்டுப் பாடிக்கொண்டு போவம்" என்று சொல்லி ஒரு பிள்ளையும் அழாமல் வெளியே கொண்டுவந்துவிட்டார். கூட வந்த பெடியன் துணிக் குழாயைத் தோளில் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜெனரேற்றர் கொண்டுவரவில்லை என்பது அவர்களின் பிழை. முதல் நாள் தொலைபேசியில் கேட்டபோது இருக்கிறது என்றுதான் சொன்னார்கள், வந்த பிறகு பார்த்தால் அது இன்னொரு வானில் வேறு ஊருக்குப் போயிருந்தது.

கரண்ட் வரும்வரை மண்டபத்துக்கு வெளியே பாலை மரத்துக்குக் கீழே இருத்தினோம். நாங்கள் காசு கொடுத்த சாமான் உள்ளே சுருண்டு கிடக்க, காசுக்குப் பெறுமதியான காட்சி மரத்தடியில்தான் நடந்தது. ஒரு சின்னப் பெட்டை கையைத் தூக்கி, "அக்கா, லைக்கா எப்ப இறங்கினது?" என்று கேட்டாள்.

தங்கச்சி ஒளிக்கவில்லை. இறங்கவில்லை என்றார். இறக்குகிற ஏற்பாடே அந்த வாகனத்தில் இல்லை என்றார். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1957 ஒக்டோபர் 4இல் போய் உலகமே பிரமித்த கையோடு, நவம்பர் 7ஆம் திகதி வரும் ரஷ்யப் புரட்சியின் நாற்பதாம் ஆண்டுக்கு இன்னொன்று வேண்டும் என்று சோவியத் தலைவர் குருஷேவ் நின்றார். ஒரு மாதம்கூடக் கிடைக்கவில்லை. திருப்பிக் கொண்டுவருகிற கருவி செய்ய நேரமில்லாமல் நவம்பர் 3ஆம் திகதி ஸ்புட்னிக் 2இல் நாயை ஏற்றிவிட்டார்கள். ஏற்றுவதற்கு முன் யாஸ்டொவ்ஸ்கி என்ற வைத்தியர் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளோடு விளையாட விட்டார். நாய் பல நாள் உயிரோடு இருந்தது, நோகாமல் செத்தது என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2002இல்தான் ரஷ்ய விஞ்ஞானி ஒருவர் ஒரு மாநாட்டில் உண்மையைச் சொன்னார்: ஏழு மணித்தியாலத்துக்கு மேல் தாங்கவில்லை. வெப்பம்.

இந்த இடத்தில் நானும் வாயைத் திறந்தேன். றொக்கெற்றின் ஒரு பகுதி கழராமல் ஒட்டிக்கொண்டு, வெப்பக் காப்பும் கிழிந்து, கூண்டு நாற்பது பாகைக்குச் சூடேறியது. மனிசருக்குப்போல நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கை நீட்டி இளைத்து, வாயிலிருக்கிற ஈரம் ஆவியாகித்தான் உடம்புச் சூடு வெளியே போகும். அடைத்த இடத்தில் இளைக்க இளைக்க அந்த ஈரமும் கூண்டுக்குள்ளேயே நிறையும், பிறகு எவ்வளவு இளைத்தாலும் சூடு இறங்காது. கதவு பூட்டிய காருக்குள் நாயை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு இதை நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு நீட்டிச் சொல்லத் தேவைப்படவில்லை, அந்தக் கூடாரத்துக்குள் கிடந்து வேர்த்து நனைந்த சட்டையோடுதான் அவர்கள் இருந்தார்கள்.

பேரப்பிள்ளையோடு வந்த ஆச்சி ஒருவர் பின்னால் கதிரையில் இருந்து, "கொண்டரத் தெரியாட்டி ஏன் பிள்ளை அனுப்பினவங்கள்?" என்றார். அவரின் பட்டி மாடுகளுக்கு முந்தி நான் ஊசி போட்டிருக்கிறேன். 2009இல் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு வந்தவர். தங்கச்சிக்கு அது தெரியாது, ஆனால் கேள்வியை மதித்துப் பதில் சொன்னார். லைக்காவோடு வேலை செய்த கசென்கோ என்ற விஞ்ஞானியே 1998இல் வெளிப்படையாக வருந்தினார், நாயின் சாவை நியாயப்படுத்துகிற அளவுக்குத் தாங்கள் அந்தப் பயணத்தில் ஒன்றும் படித்துவிடவில்லை என்று ஒத்துக்கொண்டார் என்றார். "அதச் சொல்லவே அவருக்கு நாப்பது வருசம் பிடிச்சுதோ" என்றார் ஆச்சி.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லலாமா என்று பிறகு ஒரு தாய் என்னிடம் குறைப்பட்டார். சொல்லலாம் என்பதுதான் என் எண்ணம். கோழி உரிக்கிறதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள். நட்சத்திரமாகிவிட்டது என்று சொன்னால் அவர்கள் நம்பப் போவதுமில்லை, அடுத்த கேள்வி கேட்கப் போவதுமில்லை.

கரண்ட் முக்கால் மணித்தியாலத்தில் வந்தது. பெல்கா, ஸ்ரெல்கா பகுதி நன்றாக இருக்கிறது. 1960 ஓகஸ்ட் 19இல் ஒரு முயல், எலிகள், ஈக்களோடு போய், ஒரு நாள் பூமியைச் சுற்றிவிட்டு உயிரோடு இறங்கிய நாய்கள். நாலாவது சுற்றில் பெல்கா அமைதியிழந்து வாந்தியெடுத்ததையும், அதைப் பார்த்துத்தான் முதல் மனிசனை ஒரு சுற்றோடு இறக்குவது என்று தீர்மானித்ததையும் படம் சரியாகச் சொல்கிறது. 1961 ஏப்ரல் 12இல் ககாரின் ஒரே ஒரு சுற்றுச் சுற்றியதற்குப் பின்னால் ஒரு நாயின் வாந்தி இருக்கிறது. ஸ்ரெல்கா ஆறு குட்டி போட்டது, அதில் புஷிங்கா என்ற ஒன்று அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் வீட்டுக்குப் போனது. எதிரி வீட்டுக்கு நாய்க்குட்டி கொடுத்த கதை பிள்ளைகளுக்கு நல்லாய்ப் பிடித்தது. படம் விட்ட இடத்தைத் தங்கச்சி இருட்டுக்குள்ளேயே நிரப்பினார். பெல்கா போவதற்கு மூன்று கிழமைக்கு முன், ஜூலை 28ஆம் திகதி, லிசிச்கா, சாய்கா என்ற இரண்டு நாய்கள் ஏறிய றொக்கெற் கிளம்பிய கையோடு வெடித்துவிட்டது. டிசெம்பரில் போன இன்னும் இரண்டு திரும்பி வரும் வழியில் அழிந்தன. இதைக் கேட்ட பிறகுதான் பெல்கா வெளியே வந்து வாலாட்டுகிற காட்சிக்குப் பிள்ளைகள் மனதாரக் கை தட்டினார்கள்.

ஹாம் என்ற சிம்பன்சிக்குப் படம் நீண்ட நேரம் கொடுக்கிறது. கமரூனில் பிடித்து நியூ மெக்சிகோவில் பழக்கிய குட்டி. நீல விளக்கு எரிந்தால் ஐந்து செக்கனுக்குள் நெம்புகோலை அமுக்க வேண்டும். அமுக்கினால் வாழைப்பழச் சுவையில் ஒரு குளிசை, பிந்தினால் பாதத்தில் மின்சாரம். 1961 ஜனவரி 31இல் 253 கிலோமீற்றர் உயரம் போய், பதினாறரை நிமிடத்தில் அத்திலாந்திக் கடலில் விழுந்தது. விழ வேண்டிய இடத்துக்கு வெகு தூரம் தள்ளி விழுந்ததில், தேடி வருவதற்குள் கூண்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. வெளியே எடுத்தவுடன் ஹாம் பல்லைக் காட்டுகிற பிரபலமான படத்தைப் போட்டு, 'மகிழ்ச்சியோடு சிரித்தது' என்கிறது குரல். சிரிப்பா அது? சிம்பன்சிகளுக்குள்ளேயே இருந்து படித்த ஜேன் குடால், அது கடும் பயத்தின் முகம் என்றுதான் சொன்னார். எங்கள் வளவுக் குரங்கும் நாய் துரத்தினால் அதே பல்லைத்தான் காட்டும். குழு இந்த ஒரு வசனத்தையாவது வெட்டிவிட வேண்டும்.

இன்னொரு சிம்பன்சி ஏனொஸ் 1961 நவம்பர் 29இல் பூமியை இரண்டு சுற்றுச் சுற்றியது. மேலே போனதும் அதன் நெம்புகோல் பழுதாகி, சரியாக அமுக்கினாலும் மின்சாரம் அடித்தது. ஏனொஸ் விடாமல் சரியானதையே அமுக்கிக்கொண்டிருந்தது. தங்கச்சி இதைச் சொல்லி முடிக்க, பின்வரிசையிலிருந்து ஒரு பெடியன், "எங்கட ரியூசனிலயும் அப்பிடித்தான், சரியாச் சொன்னாலும் அடி" என்றான். அவனை யாரும் அதட்டவில்லை.

குரங்குக் கதை நடக்கும்போது இன்னொரு சத்தமும் கேட்டது, "எங்கட ஊர்க் குரங்குகளையும் ஏத்துங்கோ" என்று. தேங்காய்க் குரும்பையும் நிலக்கடலையும் ஒன்றும் மிஞ்சாத ஊரில் அது பகிடியில்லை, விவசாயக் கோரிக்கை. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்புவதாக அமைச்சர் சொன்ன கதை வந்தபோது இங்கே சந்தோசப்பட்ட ஆக்கள் அதிகம். ஒரு குரங்குக்காகப் பிள்ளைகள் கண்கலங்குவதும் அடுத்த நிமிடம் ஊர்க் குரங்கை விண்வெளிக்கு நாடுகடத்தச் சொல்வதும் எனக்கு முரணாகத் தெரியவில்லை. பயிர் செய்கிறவன் வீட்டுப் பிள்ளை.

பூனைப் பகுதி பிழை. பெலிக்ஸ் என்ற ஆண் பூனை போனதாகச் சொல்கிறது. போனது பெண் பூனை, பெயர் பெலிசெற். 1963 ஒக்டோபர் 18இல் அல்ஜீரியாவின் சகாராப் பாலைவனத்திலிருந்து பிரெஞ்சுக்காரர் அனுப்பினார்கள். மூளைக்குள் மின்கம்பி வைத்து, 150 கிலோமீற்றருக்கு மேல் ஏற்றி, பதின்மூன்று நிமிடத்தில் உயிரோடு இறக்கினார்கள். இரண்டு மாதம் கழித்து மூளையைப் பரிசோதிக்கவென்று கொன்றார்கள். சில நாட்டு முத்திரைகளிலேயே அந்தப் பெயர் பிழையாக அச்சாகியிருந்தது, படக்காரரும் அதைப் பார்த்து எழுதியிருக்கலாம். 2019இல் ஸ்ராஸ்பூர்க் நகரில் அதற்கு ஒரு சிலை வைத்தார்கள்.

கடைசியில் ஆமை. இந்தக் கூடாரத்துக்குள் நீங்கள் போவதற்கு ஒரு காரணம் மட்டும் கேட்டால் இதைத்தான் சொல்வேன். 1968 செப்டெம்பரில் சோன்ட் 5 என்ற சோவியத் வாகனத்தில் இரண்டு ஆமைகள் சந்திரனைச் சுற்றிவிட்டு வந்தன. அப்பலோ 8இல் மனிசர் போனது டிசெம்பரில்தான். ஆமைக்குப் பக்கத்தில் நாங்கள் படுத்திருக்க, சந்திரனின் குழிகள் கூரை முழுக்க நிறைந்து, மிக மெதுவாக எங்களைத் தாண்டிப் போகின்றன. குரல் இல்லை, இசை இல்லை, ஆமையின் கழுத்து மட்டும் ஓரத்தில் ஒரு தரம் நீண்டு உள்ளே போகிறது. செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் இறங்குகிற காட்சியில் வெறுமனே 'கடலில் விழுந்தது' என்று முடித்துவிட்டார்கள். விழுந்தது எங்கள் இந்து சமுத்திரத்தில்! செப்டெம்பர் 21ஆம் திகதி விழுந்த வாகனத்தைக் கப்பலில் பம்பாய்க்குக் கொண்டுவந்து, அங்கிருந்து விமானத்தில் மொஸ்கோவுக்கு எடுத்துப்போனார்கள். பட்டினி கிடந்த ஆமைகள் உடம்பில் பத்தில் ஒரு பங்கு எடை குறைந்திருந்தன, ஆனால் உயிரோடு இருந்தன, சாப்பிட்டன. தமிழில் குரல் போடுகிறவர்கள் இந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால் முல்லைத்தீவுப் பிள்ளைகள் கடலைப் பார்க்கிற பார்வையே வேறாகியிருக்கும்.

வெளியே ஒரு மேசை போட்டுச் சாமானும் விற்கிறார்கள். பிளாஸ்ரிக் றொக்கெற்றுக்குள் ஒரு நாய்ப் பொம்மை, 450 ரூபா, வாங்கிய அன்றே மூடி கழன்றது. போஸ்ரர் 200 ரூபா, தாள் தடிப்பு, நிறம் நல்லம், வகுப்பறைச் சுவரில் ஒட்டலாம். அதில் லைக்காவை 'விண்வெளிக்குப் போன முதல் உயிரினம்' என்று போட்டிருக்கிறது. பூமியைச் சுற்றிய முதல் உயிரினம் என்பதே சரி, ஈக்கள் பத்து வருடம் முந்தியவை என்று அவர்களின் படமே சொல்கிறது. வாசிகசாலையில் ஒட்டியதில் நான் மை கொண்டு திருத்திவிட்டேன்.

கூப்பிட நினைக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். முன்பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள், இருட்டுக்கும் சத்தத்துக்கும் அழுகிறார்கள், அவர்களை வெளியே கொண்டுபோகக் கதவைத் திறந்தால் மற்றவர்களின் படமும் கெடுகிறது. ஆண்டு நான்கிலிருந்து ஒன்பதுவரை சரியான வயது. சித்திரை, வைகாசி வெயிலில் வேண்டவே வேண்டாம். தை, மாசியில் காலை எட்டு மணிக்கு முதல் காட்சியைத் தொடங்கினால் மத்தியானத்துக்கு முன் முடித்துவிடலாம். ஜெனரேற்றரை நீங்களே ஊருக்குள் ஒழுங்கு செய்யுங்கள், ஒலிபெருக்கிக்காரரிடம் இருப்பது போதும். பாயும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், அவர்களின் விரிப்பில் முப்பது பேர் படுக்க முடியாது. விளக்கம் சொல்ல யார் வருகிறார் என்று முதலே கேளுங்கள். எங்களுக்கு வந்த தங்கச்சி வராத இடத்தில் ஒரு பெடியன் படத்தைப் போட்டுவிட்டு வெளியே நின்று போன் பார்த்ததாக மாங்குளம் பக்கத்து ரீச்சர் ஒருவர் சொன்னார்.

கேள்விக்கென்று காட்சிக்கு அரை மணித்தியாலம் தனியாக வேண்டும் என்பதை ஒழுங்கு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த காட்சிக்கு அவசரப்படுத்துவார்கள். எங்களுக்கு அந்த நேரம் கிடைத்தது கரண்ட் போனபடியால்தான். அடுத்த தரம் அவர்களை எடுக்கும்போது நான்கு காட்சிக்குரிய காசைக் கொடுத்து மூன்று காட்சி மட்டும் போடச் சொல்வதென்று நிலையக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். பொருளாளர் இன்னும் சம்மதிக்கவில்லை.